கரையடியில் ஒரு பாண்டான் பாத்தி

ரவூப் பார்த்துக்கொள்ளும் அணையை அணை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாள் உயர மண்மேடு, அவ்வளவுதான். நீளம் ஒரு கால்பந்துத் திடல் அளவுக்கு வரும். சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம், ஒரு தனியார் நர்சரிக்குப் பின்னால், புல்லைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. மேலே இருக்கும் சரிவில் பெய்கிற மழையெல்லாம் ஒரே மூச்சில் கீழே பாய்ந்துவிடாமல் மறித்துக் குளமாக்கி, அடியிலிருக்கும் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் அதன் வேலை. நர்சரி முதலாளியின் தகப்பனார், ஒரு டிசம்பர் மழையில் பூந்தொட்டிகள் எல்லாம் சாலைக்கு மிதந்துபோனதைப் பார்த்துவிட்டுச் சொந்தச் செலவில் எழுப்பியது. அப்போது கரைக்குக் கீழே தொட்டிகள் மட்டும்தான் இருந்தன. இப்போது தொழிலாளர்கள் தங்கும் இரண்டு வரிசை அறைகளும் இருக்கின்றன. முப்பத்தாறு பேர்.

பத்தொன்பது வருடங்களாக ரவூப்புக்கு ஒரே வேலை. காலை எட்டு மணிக்குக் கரையின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார். திரும்பும்போது அடிவாரம் வழியாக வருவார். குளத்தில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்ப்பார். குழாய் வாயில் சிக்கிய இலைதழைகளை இழுத்துப் போடுவார். பிறகு குறிப்பேட்டில் நீர்மட்டம், மழை, குழாய், கரையடி என்று நாலு கட்டங்களை நிரப்புவார். கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே சொல். 'சரி.'

கரையில் புல் விரல் உயரத்துக்கு மேல் வளரக் கூடாது. செடி கூடவே கூடாது. கண்ணுக்கு மறைகிற இடத்தில்தான் எலி வளை தோண்டும், தண்ணீர் வழி தேடும். ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வரும் பொறியாளர் சயந்தினி இதைத் தான் வந்த முதல் வருடமே அவருக்குச் சொல்லியிருந்தாள். யாழ்ப்பாண வழி வந்த குடும்பத்துப் பெண், முப்பதுகூட இருக்காது. மண்கரை என்றால் கசியத்தான் செய்யும் என்றாள். "தெளிவாக் கசிஞ்சா அது வேர்வை, அங்கிள். கலங்கலாக் கசிஞ்சா அது ரத்தம்." அந்த வார்த்தை ரவூப்பின் மனத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. புல்லை அவர் மாதம் இருமுறை ஒட்ட வெட்டுவார். தப்பி முளைத்த கன்றுகளை விரலால் கிள்ளி எறிவார்.

ஒரே ஓர் இடத்தைத் தவிர.

கரையின் வடக்கு முனையில், அடிவாரத்தில், எட்டு வருடங்களுக்கு முன் அவரே நட்ட, சமையலில் வாசத்துக்குப் போடும் பாண்டான் இலைப் பாத்தி ஒன்று இருந்தது. முதலில் மூன்று கன்றுகள். அந்த இடத்தில் மண் எப்போதும் ஈரமாக இருந்ததால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று நட்டார். பாண்டான் அங்கே பொங்கி வளர்ந்தது. இப்போது ஒரு லாரியை நிறுத்தும் அளவுக்கு அடர்ந்து, இடுப்புயரம் நின்றது. சயந்தினி வருவதற்கு முந்திய நாள் சுற்றியிருக்கும் புல்லை நறுக்கென்று வெட்டி, பாத்திக்கு வெளிப்பக்கமாகப் பூந்தொட்டிகளை அடுக்கிவைத்துவிடுவார். நர்சரியில் தொட்டி இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

அது கஞ்சிக்கான பாத்தி.

ரவூப்புக்கு அறுபத்திரண்டு வயது. ஆங் மோ கியோவில் இரண்டறை வீட்டில் தனியாக இருக்கிறார். மனைவி மைமூன் அவரைப் பிரிந்து போய்ப் பதினோரு வருடம். சண்டை என்று எதுவும் இல்லை. சுவரோடு பேசினாலாவது எதிரொலி கேட்கும் என்று ஒருநாள் சொன்னாள், அடுத்த மாதம் தன் தங்கை வீட்டுக்குப் போனாள், பிறகு மலேசியாவின் ஜொகூரில் மறுமணம் செய்துகொண்டாள். அவள் சொன்னதில் தவறில்லை என்று ரவூப்புக்குத் தெரியும். சொல்ல நினைப்பதெல்லாம் அவருக்குத் தொண்டை வரை வந்து, அங்கே உட்கார்ந்துவிடும். காலையில் ரயில், கிராஞ்சியிலிருந்து கம்பெனி வேன், கரை, மறுபடி வேன், ரயில், காப்பிக்கடையில் வாங்கிக்கொண்டு போகும் ராச்சாப்பாடு. சில வாரங்களில் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சலாம் சொல்லும்போதுதான் தன் குரலையே அவர் கேட்டிருப்பார்.

பிரிவுக்குப் பிறகு வந்த மூன்றாவது நோன்பில், லிட்டில் இந்தியாவில் ஒரு பள்ளிவாசலின் பின்முற்றத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அண்டா, ஆள் உயரத் துடுப்பு, ஏழெட்டுப் பேர். தலைவர் நாகூர் கனி. சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர், வாய் ஓயாதவர். சந்தையில் வாங்கிய பாண்டான் இலை வாசமே இல்லாமல் இருக்கிறது என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே ரவூப் நர்சரியிலிருந்து ஒரு கட்டு இலை கொண்டுபோய்க் கொடுத்தார். கனி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதல்லவா இலை, எங்க பாய் புடிச்சீங்க?" என்றார். அந்த வாரமே ரவூப் மூன்று கன்றுகளை நட்டுவிட்டார்.

அதிலிருந்து அவர் 'பாண்டான் பாய்' ஆனார். வருடம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க மாட்டார். பதினாலு நாள் விடுப்பையும் சேர்த்துவைத்து, நோன்பு மாதத்தில் அரை நாள் அரை நாளாக உடைத்து எடுப்பார். மதியம் ஈரச் சாக்கில் சுற்றிய இலைக்கட்டுடன் பள்ளிக்குள் நுழையும்போது, யாராவது ஒருவர் "பாண்டான் பாய் வந்தாச்சு" என்பார். இலையைக் கழுவி முடிச்சுப் போட்டு அண்டாவில் போட ஐந்து நிமிடம் ஆகும். அப்புறம் சுவரோரமாக நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். மாலை அஸர் தொழுகை முடிந்து கஞ்சி கொடுக்கும்வரை நிற்பார். அவர் பேசுவதில்லை என்பதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. இலை கொண்டுவருகிறவர், அது போதும். பதினொரு மாதம் அந்த ஒரு மாதத்துக்காக ஓடும்.

இந்த ஆண்டு நோன்புக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது மூன்று நாள் விடாத மழை பெய்தது. மழை விட்ட மறுநாள், பாத்திக்குக் கீழே ஓடும் சிறு வடிகாலில் தண்ணீர் தே தாரிக் பால் தேநீரின் நிறத்தில் ஓடுவதை ரவூப் பார்த்தார். சரிவிலிருந்து வழிந்த சேறு என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் வெயில் அடித்தது. மற்ற வடிகால்கள் தெளிந்துவிட்டன, இது தெளியவில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள் அப்படியே. பாண்டான் மட்டும் முன்னெப்போதும் இல்லாத பச்சையில் மினுமினுத்தது.

அவருக்குத் தெரியாமல் இல்லை. பாத்திக்குள் இறங்கி இலையை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதும் தெரியும். அதனால்தான் இறங்கவில்லை. பார்த்துவிட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே பாத்தியைப் பிடுங்கி எறிவார்கள். அதை நட்டது யார் என்று கேட்பார்கள். வேலை போனாலும் போகும். அதைவிட, வெறுங்கையோடு அந்த முற்றத்தில் போய் எப்படி நிற்பது என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. சயந்தினி எப்படியும் நோன்பின் இரண்டாம் வாரத்தில் சோதனைக்கு வருகிறாள். அதுவரை மழை இல்லாமல் இருந்தால் சரி. குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் 'சரி' என்று எழுதினார்.

இதற்கிடையே நாகூர் கனி போன் செய்தார். புது அண்டா வாங்கியிருக்கிறார்களாம். "பழைய அண்டாவுக்கு இது வாப்பா மாதிரி இருக்கும் பாய். இலைய டபுளாக் கொண்டு வாங்க. மார்க்கெட்டு இலை எல்லாம் பேப்பர் மாதிரி இருக்கு லா." ரவூப் சரி என்றார். வேறென்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் கனி வைத்துவிட்டார்.

முதல் நோன்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. விடியுமுன் ஸஹருக்கு இரண்டு பேரீச்சம்பழமும் ரொட்டியும் தின்றுவிட்டு முதல் ரயிலில் ஏறினார். காலை வேலையை முடித்துக்கொண்டு, ஒன்பதரை மணிக்குக் கத்தியும் சாக்குமாகப் பாத்திக்குள் இறங்கினார். கால் கணுக்கால் வரை புதைந்தது. இலை அறுக்கக் குனிந்தபோது, தூர்களுக்கு நடுவே ஏதோ அசைவது தெரிந்தது. இலைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கினார்.

மணல் ஒரு சின்னக் கூம்பாகக் குவிந்திருந்தது. அதன் உச்சியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கஞ்சி கொதிக்கிற மாதிரி அதிலிருந்து மணலும் தண்ணீரும் குமிழ்ந்து குமிழ்ந்து வந்தன. கையை வைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. குளத்தின் அடியில் கிடக்கும் தண்ணீரின் குளிர்ச்சி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கீழே தொழிலாளர் அறைகளின் முன்னால் கொடியில் சட்டைகள் காய்ந்தன. இரவுக் காவல் முடிந்து வந்த இரண்டு பேர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜொகூர்ப் பக்கம் வானம் கறுத்து வந்தது. கையில் ஏற்கெனவே அறுத்த ஒரு பிடி இலை இருந்தது. இன்னும் கால் மணி நேரம் அறுத்தால் அண்டாவுக்குப் போதும். அறுத்த பிறகு சொல்லலாம். அவர் மறுபடி குனிந்து ஒரு தூரைப் பிடித்தார். பிடித்த இடத்தில் மண் வேரோடு அசைந்தது.

கத்தியைச் சாக்கின் மேல் போட்டுவிட்டுக் கரையேறி, சயந்தினிக்குப் போன் செய்தார். எங்கே கசிகிறது என்று சொன்னார். ஓட்டையின் அளவைச் சொன்னார். அவள் வேகமாகக் கேட்டாள்.

"தெளிவா, கலங்கலா?"

"கலங்கல்."

"எப்பருந்து, அங்கிள்? இன்னைக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. குறிப்பேடும் அதைத்தான் சொல்லும். தொண்டையில் வழக்கம்போல் ஏதோ வந்து உட்கார்ந்தது. ஒரு லாரி சாலையில் போகும் சத்தம் முழுவதும் கேட்டு அடங்கியது.

"பதிமூணு நாளா," என்றார் ரவூப். "நான் எழுதல. அந்த எடத்துல பாண்டான் நட்டு வச்சிருக்கேன். எட்டு வருஷமா."

 "குழாய முழுசாத் தொறந்து விடுங்க. கீழ இருக்கிறவங்க எல்லாரையும் வெளியாக்குங்க. ஓட்டைய எதையும் வச்சு அடைச்சுடாதீங்க, அது வேற எடத்துல பிச்சுக்கும். நான் வர்றேன்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கையும் காலும் செய்தவை. தொழிலாளர்களின் மேற்பார்வையாளர் கபிலன் புதுக்கோட்டைக்காரர். தூங்கியவர்களை எழுப்பி, எல்லோரையும் மேட்டிலிருந்த உரக் கொட்டகைக்கு அனுப்பினார். ஒருவர் தன் அரிசி குக்கரைக் கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, "பாஸ்போர்ட்ட விட்டுட்டுச் சோத்தத் தூக்கிட்டு ஓடுறான் பாருங்கண்ணே," என்று ரவூப்பிடம் சொன்னார். ரவூப்புக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயின் சக்கரத்தை முழுவதும் திருகித் திறந்துவிட்டு வந்து, பாத்தியில் இறங்கித் தூர்களைப் பிடுங்க ஆரம்பித்தார். ஓட்டையைச் சுற்றி வேலை செய்ய இடம் வேண்டும். மண்வெட்டி போட்டால் கரை அதிரும் என்று கையாலேயே பிடுங்கினார். எட்டு வருடத்து வேர் சும்மா வருமா? இலையின் முள்விளிம்பு உள்ளங்கையைக் கீறியது. கபிலனும் இன்னும் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். பிடுங்கியதை எல்லாம் பாதையோரம் குவித்தார்கள். கசங்கிய இலையின் வாசம் நெய்ச்சோறு வெந்த வீட்டைப்போல அந்த இடம் முழுக்கப் பரவியது.

சயந்தினி வந்தபோது மணி பதினொன்றரை. அவள் சொல்லி வந்த லாரி, மணலையும் சரளைக்கல்லையும் கொட்டுவதற்குப் பின்னால் நகர்ந்தது. பாதை குறுகல். பின்சக்கரம் பாண்டான் குவியலின் மேல் ஏறி இறங்கி நின்றது. கபிலன் "ஐயையோ" என்று ரவூப்பைத் திரும்பிப் பார்த்தார். ரவூப் கைகாட்டி, இன்னும் பின்னால் வா என்று ஓட்டுநரிடம் சொன்னார்.

முதலில் மணல், அதன் மேல் பொடிச்சரளை, அதன் மேல் பெரிய சரளை. தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது, அதுதான் கணக்கு என்றாள் சயந்தினி. மூன்றரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சாக்கில் மணல் அள்ளி, சுற்றிலும் அடுக்கி, குளத்தின் அளவுகோலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மேலேயும் கீழேயும் ஓடினார்கள். நாலரைக்குக் குளம் ஏறியது. ஐந்தேகாலுக்கு நின்றது. காலையிலிருந்தே குழாய் திறந்திருந்ததால் குளத்தில் இடம் இருந்தது. ஆறு மணிக்குச் சரளைக்கு அடியிலிருந்து வந்த தண்ணீரைச் சயந்தினி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற ரவூப்பின் முகம் அதன் வழியே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வேர்வைதான்," என்றாள்.

உரக் கொட்டகையின் தகரத்துக்குக் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள்.  இப்போது பள்ளியில் கஞ்சி கொடுத்து முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சயந்தினி அறிக்கையைப் போனிலேயே தட்டிக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்து, பதிமூன்று நாள் என்று சொன்னதால்தான் குழாயைத் திறக்கச் சொன்னதாகவும், இன்றைக்குத்தான் என்றிருந்தால் நாலு மூட்டை போடச் சொல்லிவிட்டு நாளைக் காலை வந்திருப்பேன் என்றும் சொன்னாள். அதைப் பாராட்டாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை.

"ஆனா பாண்டான எழுதித்தான் ஆகணும், அங்கிள்."

"எழுதுங்கம்மா."

ஏழு இருபதுக்கு அவள் நேரத்தைப் பார்த்துவிட்டுக் காருக்கு ஓடிப்போய், இருக்கைக்கடியில் கிடந்த ஒரு மைலோ பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினாள். நீங்கள் நோன்பு என்பது இப்போதுதான் நினைவு வந்தது என்றாள். ரவூப் பிஸ்மில்லாஹ் சொல்லி உறிஞ்சினார். கையில் இருந்த கீறல்கள் அப்போதுதான் எரியத் தொடங்கின.

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை போகவில்லை. கரையின் வடக்கு முனையைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள், அடிவாரம் முழுக்கச் சரளை பரப்பப் போகிறார்கள், அங்கே ஒரு புல்கூட இனி முளைக்கக் கூடாது. ரவூப் கையெழுத்துப் போட்டார். அரை நாள் விடுப்பை ரத்து செய்யவா என்று மேலாளர் கேட்டார். ரவூப் வாயைத் திறப்பதற்குள் அவரே, "நோன்பு மாதம், போங்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கித் தேக்கா சந்தைக்குள் போனார். மூன்றாவது கடையில் பாண்டான் இருந்தது. ரப்பர் வளையம் போட்ட மெல்லிய கட்டுகள். எட்டு வருடமாகக் கொண்டுவந்த இலைக்கும் இதற்கும் வித்தியாசத்தைக் கனி ஒரு முகர்தலில் கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் கை நீண்டது. கடைக்காரம்மா எத்தனை கட்டு என்று கேட்டார். ரவூப் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். திரும்பி ரயிலேறிவிடலாம் என்றும் தோன்றியது. வீட்டில் ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிவைத்து நோன்பு திறந்தால் கேட்பாரில்லை. சாலையைக் கடக்கும் பச்சை விளக்கு இரண்டு முறை வந்து போனது. மூன்றாவது முறை கடந்தார்.

பின்முற்றத்தில் புது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழையும் முன்பே அவர் மூக்குக்கு எட்டிவிட்டது, பாண்டான் வாசம். சந்தை இலைதான். கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கஞ்சி கஞ்சியாகத்தான் இருந்தது. யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ரவூப் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

நாகூர் கனி துடுப்போடு திரும்பியவர் அவரைப் பார்த்துவிட்டார். "என்ன பாய், நேத்து ஆளக் காணோம்? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"வேலை எடத்துல கொஞ்சம்..." என்றார் ரவூப்.  கனியின் கண் ஒரு கணம் அவர் கைப்பக்கம் போய்த் திரும்பியது. "எலை இனிமே வராது, பாய். செடி போயிருச்சு."

"அட, அதுக்கென்ன, மார்க்கெட்ல கெடைக்குது," என்றார் கனி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அடிபிடித்துவிடும் என்று யாரையோ அதட்டிக்கொண்டே அண்டாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

எட்டு வருடம். ரவூப் தன் வழக்கமான சுவரோரத்தில் போய் நின்றார். அந்த இடத்துக்கு வரும் காரணத்தை இத்தனை வருடம் கையில் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு, இப்போது அங்கே நிற்பது யார் வீட்டுக் கல்யாணத்திலோ நுழைந்துவிட்டதைப் போல இருந்தது. கீழே சாக்கை விரித்து நாலு பேர் உட்கார்ந்து இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூடை இன்னும் தொடப்படாமல் இருந்தது. ஒருவர் தன் மருமகன் வாங்கிய காரைப் பற்றிச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ரவூப் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் போயிருக்கும். தொண்டையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நேற்றுப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்ததும் அதே இடத்தில்தான்.

அவர் சுவரைவிட்டு நகர்ந்து, அண்டாவுக்குப் பக்கத்தில் போனார்.

"எனக்கு ஏதாச்சும் வேலை இருக்கா?" என்று கேட்டார்.

குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. இஞ்சிக்காரர்கள் நிமிர்ந்தார்கள். கனி துடுப்பை நிறுத்தாமலே அவரைப் பார்த்தார். பிறகு காலால் ஓர் இஞ்சிக் கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"கத்தி அந்தப் பலகையில இருக்கு."

சாக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ரவூப் உட்கார்ந்தார். மருமகனின் கார்க்கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இஞ்சிச் சாறு உள்ளங்கைக் கீறல்களில் பட்டுச் சுரீரென்றது. கூடையில் பாதி முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.